சூடான அப்புறமும் ரேஸ் இறங்க மாட்டேங்குது – பெட்ரோல் கார், காட்பாடி

காட்பாடிக்காரன் – சனி, காலை 7.40

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்ப எனக்கே தலைவலி வந்துடுச்சு அதனால எழுதறேன். கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்கோங்க.

வண்டி 2005 மாடல், 1.3 லிட்டர், நாலு சிலிண்டர், எம்பிஎஃப்ஐ பெட்ரோல் (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர்ல பெட்ரோல் விடறது). கம்பெனி பேர் சொல்லல, சொன்னா அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதான்னு சண்டை ஆரம்பிச்சு என் கேள்வி காணாம போயிடும். ஆக்சிலேட்டர் கேபிள் டைப்புதான். ரெண்டாவது ஓனர் நான், மூணு வருசம் ஆச்சு வாங்கி, 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு.

காலைல ஸ்டார்ட் பண்ணா 1800 ஆர்பிஎம்ல (நிமிசத்துக்கு அத்தனை சுத்து) கத்துது. சரி குளிர் ஸ்டார்ட்டுன்னு விட்டுடலாம், ஆனா சூடான அப்புறம் 800 பக்கம் வரணும்ல, வரவே மாட்டேங்குது, 1300ல உக்காந்துக்குது. இதுல ஒரு விசித்திரம் இருக்கு. மாமியார் வீடு ஆம்பூர். அங்கேர்ந்து பைபாஸ்ல நிக்காம வந்து பள்ளிகொண்டா டோல்ல நியூட்ரல் போட்டா முள்ளு 1600ல நிக்குது. அதே வண்டி வேலூர் உள்ள வந்து கிரீன் சர்க்கிள் ஜாம்ல பத்து நிமிசம் உருண்டா 1300க்கு இறங்கிடுது. ஓட ஓட எஞ்சின் சூடாவும், சூடானா ரேஸ் இறங்கணும், இது தலைகீழா இருக்கே?

ஃபர்ஸ்ட் கியர்ல காலே வைக்காம வண்டி தள்ளிக்கிட்டு போவுது, சிக்னல்ல பிரேக்க மிதிச்சுப் பிடிச்சே வலது கால் கொழகொழன்னு ஆயிடுச்சு. மைலேஜ் 15ல இருந்து 11.

இதுவரைக்கும் பண்ணது: ஒரு கடையில த்ராட்டில் பாடி கிளீனிங், 600 ரூபா. மாறல. ரெண்டாவது கடையில ஐஏசி வால்வு (ஆக்சிலேட்டர்ல கால் இல்லாதப்ப எஞ்சினுக்குக் காத்து விடற வால்வு) புதுசு, 3,800. ரெண்டு நாள் நல்லா இருந்த மாதிரி மனசுக்குத் தோணுச்சு, அவ்ளோதான். மூணாவது கடையில பானட்டைத் தூக்கிப் பாத்தாரு, ரெண்டு நிமிசம் கூட இருக்காது, ஈசியூ (எஞ்சினைக் கவனிக்கற கம்ப்யூட்டர்) போச்சு சார் 18,000 ஆவும்னாரு. வண்டியோட இன்னிக்கு விலைய யோசிச்சுப் பாருங்க.

ஹீட்டிங் தொந்தரவு எதுவும் கிடையாது. டெம்பரேச்சர் முள்ளு எப்பவும் கால்வாசிக்கு மேல ஏறினதே இல்ல, அந்த விசயத்துல வண்டி தங்கம்.

---

பாலாத்து_மணல் – சனி, காலை 8.05

ஈசியூ மாத்தாதீங்க ப்ரோ. ப்ளீஸ். ஈசியூ போனா வண்டி ஸ்டார்ட் ஆவாது, இல்ல சிலிண்டர் ஒண்ணு ரெண்டு அடிக்காது. வெறும் ரேஸ் மட்டும் ஏத்தி வச்சிக்கிட்டு மத்தது எல்லாம் நல்லா ஓடற ஈசியூவ நான் இதுவரைக்கும் பாக்கல.

பேட்டரி ஒயர கழட்டி கால் மணி நேரம் வச்சுட்டு மாட்டிப் பாத்தீங்களா?

---

காட்பாடிக்காரன் – சனி, காலை 8.12

ரெண்டு தடவ பண்ணியாச்சு. ரேடியோல சேவ் பண்ண ஸ்டேஷன் எல்லாம் போனதுதான் மிச்சம்.

---

மல்டிமீட்டர்_மாமா – சனி, காலை 9.30

தம்பி, பொருள மாத்திப் பாக்கறத கொஞ்சம் நிறுத்திட்டு யோசிப்போம். பெட்ரோல் எஞ்சின்ல ஆர்பிஎம் ஏறணும்னா கூடுதலா காத்து உள்ள போவணும். பெட்ரோல் மட்டும் ஜாஸ்தியா போனா கரும்புகை வரும், வண்டி மூச்சு முட்டும், 1300ல தூக்கி நிக்காது. அதனால கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், எந்த வழியா காத்து உள்ள போவுது.

நீங்க காலை எடுத்தப்புறம் காத்து உள்ள போவ மூணு வழி. ஒண்ணு, த்ராட்டில் பாடி உள்ள ஆக்சிலேட்டரை மிதிச்சா திறக்கற பட்டர்ஃப்ளை பிளேட் முழுசா மூடாம இருக்கறது: கேபிள் டைட்டா இருக்கும், ஸ்டாப் ஸ்க்ரூவ யாராச்சும் திருகியிருப்பாங்க, இல்ல ஓரத்துல கரி புடிச்சிருக்கும். ரெண்டாவது ஐஏசி வால்வு வழி, இது ஈசியூ வேணும்னே திறக்கற வழி. மூணாவது திருட்டு வழி. எங்கயாவது ஓஸ் கிழிஞ்சிருக்கும், இல்ல இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காத்து பிரிஞ்சு போற குழாய்) பேக்கிங் போயிருக்கும், பிரேக் பூஸ்டர் ஓஸ், இன்ஜெக்டர் அடியில இருக்கற ஓ-ரிங், இந்த மாதிரி.

உங்க வண்டில ஏர் ஃபில்டர் பைப்புல ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கா, இல்ல மேனிஃபோல்டுல இருந்து சின்ன ஓஸ் ஒண்ணு போயி ஒரு சென்சார்ல சேருதா? ஏன் கேக்கறேன்னா, ஏர் ஃப்ளோ சென்சார் வண்டியில திருட்டுக் காத்து சென்சாரைத் தாண்டி உள்ள போறதால கணக்குல வராது, காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம கலவை லீன் ஆயி வண்டி தடதடன்னு ஆடும். மேப் சென்சார் வண்டி வேற மாதிரி. அது மேனிஃபோல்டுக்குள்ள இருக்கற பிரஷரைத்தான் பாக்குது, திருட்டுக் காத்து வந்தாலும் பிரஷர் ஏறும்ல, ஓ காத்து வந்துடுச்சுன்னு அதுக்கு ஏத்த பெட்ரோலையும் சேத்து ஊத்தும். அப்ப வண்டி ஆடாது, அழகா ஸ்மூத்தா 1300ல பாடிக்கிட்டு நிக்கும்.

---

காட்பாடிக்காரன் – சனி, காலை 10.02

மேப் சென்சார்தான் மாமா, எஞ்சினுக்குப் பின்னாடி இருக்கற தகடு (ஃபயர்வால்) மேல இருக்கு, ஓஸ் வருது. ஆட்டம் சுத்தமா இல்ல, ஸ்மூத்தாதான் கத்துது. நீங்க சொல்றது அப்படியே பொருந்துது.

---

குடியாத்தம்_ஆம்னி – சனி, காலை 10.20

நடுவுல புகுந்ததுக்கு சாரி, என்னோட வேன்லயும் இதே மாதிரி, ஆனா 1000, 2000, 1000, 2000ன்னு ஊஞ்சல் மாதிரி ஆடுது. கேஸ் கிட் போட்ட வண்டி. இதுக்கும் அதேதானா?

---

மல்டிமீட்டர்_மாமா – சனி, காலை 10.41

கிட்டத்தட்ட அதே குடும்பம்தான் தம்பி. நீ காலை எடுத்துட்டன்னு த்ராட்டில் சென்சார் சொல்லுது, ஆனா ஆர்பிஎம் 2000 பக்கம் இருக்கு. ஈசியூ என்ன நினைக்கும்? மலையிறக்கத்துல வண்டி உருண்டு வருதுன்னு நினைச்சு இன்ஜெக்டரை கட் பண்ணும். ஆர்பிஎம் விழும், ஐயோன்னு திருப்பி பெட்ரோல் விடும், திருட்டுக் காத்து இருக்கறதால மறுபடி எகிறும். கேஸ் வண்டின்னா முதல்ல ஏர் கிளீனர்ல இருந்து த்ராட்டிலுக்கு வர்ற ரப்பர் பைப்பையும் மேனிஃபோல்டுல சொருகியிருக்கற சின்ன ஓஸுங்களையும் பாரு, கேஸ்ல ஓடறப்ப பேக்ஃபயர் அடிச்சா அதெல்லாம் கழண்டுக்கும், வெடிச்சிருக்கும். தனி இழை போட்டுக்கோ, இது காட்பாடித் தம்பியோடது.

காட்பாடி தம்பி, மீட்டர் வேணாம், ஸ்கேனர் வேணாம், விரல் ஒண்ணு போதும். முதல்ல கேபிள்ல லேசா தொய்வு இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஏர் பைப்பை த்ராட்டில் பாடியில இருந்து கழட்டுங்க, வண்டி ஓடறப்ப பட்டர்ஃப்ளைக்கு முன்னாடி ஓரமா ஒரு ஓட்டை தெரியும், ஐஏசிக்குப் போற காத்து வழி அதுதான். அதை விரலால அடைங்க. ரேஸ் விழுந்தா காத்து ஐஏசி வழியாதான் போவுது, அதாவது ஈசியூ வேணும்னே திறந்து வச்சிருக்கு. விழலன்னா வேற வழியா போவுது. ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரல்ல, சட்டைக் கைய மடிச்சுட்டு பண்ணுங்க. ஃபேன் எப்ப வேணா சுத்தும்.

---

காட்பாடிக்காரன் – ஞாயிறு, காலை 6.50

பண்ணிட்டேன் மாமா. கேபிள் தொய்வா நல்லா இருக்கு. விரல் வச்சா 1800ல இருந்து 1400க்கு விழுந்துச்சு. அப்ப ஐஏசிதானா? புதுசு போட்டது 3,800 ஆச்சே. வயித்தெரிச்சலா இருக்கு.

---

மல்டிமீட்டர்_மாமா – ஞாயிறு, காலை 7.15

பச்சை வண்டில, அதாவது எஞ்சின் சூடாவாம ஜில்லுனு இருக்கறப்ப பண்ணீங்களா? காலைல ஆறே முக்காலுக்கு போஸ்ட் போட்டிருக்கீங்க, மார்கழிப் பனி. குளிர்ல ஐஏசி திறந்துதான் இருக்கும், அதனால விரல் வச்சா விழத்தான் செய்யும். நல்லா ஓட்டி சூடாக்கிட்டு மறுபடி பண்ணுங்க. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, ஐஏசியை முழுசா அடைச்சும் 1400 இருக்கு. அடைச்சா வண்டி திக்கித் திணறி ஆஃப் ஆவற மாதிரி வரணும்.

---

காட்பாடிக்காரன் – ஞாயிறு, காலை 9.25

விருதம்பட்டு வரைக்கும் போயிட்டு வந்து சூட்டோட பண்ணேன். 1300. விரல் வச்சா 1300. எடுத்தா 1300. முள்ளு அசையவே இல்ல.

---

மல்டிமீட்டர்_மாமா – ஞாயிறு, காலை 9.31

அப்ப ஈசியூ பாவம் ஐஏசியை ஏற்கெனவே முழுசா மூடிட்டு உக்காந்திருக்கு, அதுக்கு மேல அதால ஒண்ணும் பண்ண முடியல. திருட்டு வழி இருக்கு. ஒவ்வொரு ஓஸா நோஸ் பிளையர்ல துணி சுத்தி அமுக்குங்க, எதை அமுக்கினா ரேஸ் விழுதோ அதான் ஆளு.

---

ராணிப்பேட்டை_ஷிஃப்ட் – ஞாயிறு, காலை 9.50

கார்ப் கிளீனர் ஸ்ப்ரே வாங்கி மேனிஃபோல்டு சுத்தி அடிங்க பாஸ், எங்க அடிக்கும்போது ரேஸ் மாறுதோ அங்கதான் லீக். ரெண்டே நிமிச வேலை.

---

பட்டறை_தாத்தா – ஞாயிறு, காலை 11.10

ஸ்ப்ரே அடிக்க சொல்றவங்க பக்கத்துல தீயணைப்பு சிலிண்டர் வச்சிகினு சொல்லுங்கப்பா. சூடான எக்ஸாஸ்ட் மேல பட்டா குப்புனு புட்ச்சிக்கும், ஒரு தபா என் கண்ணு முன்னாடி ஒரு வண்டியோட ஒயரிங் பூரா எரிஞ்சி பூட்ச்சி. ஊதுபத்தி புகைன்னு ஒருத்தன் சொல்லுவான், அதுவும் நெருப்புதான். சோப்புத் தண்ணிய சின்ன ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி அடி, லீக் இருக்கற எடத்துல சர்ர்னு உறிஞ்சும், சத்தம் மாறும். அது போதும்.

முப்பது வருசத்துக்கு மேல பட்டறை வச்சிருந்தேன், இப்ப பையன் பாக்கறான். இந்த வயசு வண்டின்னா நான் மொதல்ல கை வைக்கறது பிசிவி ஓஸ் மேலதான். வால்வு கவர்லருந்து ஆயில் ஆவிய மேனிஃபோல்டுக்கு இஸ்துனு போற ஓஸு. ஆயில் ஆவி பட்டு பட்டு உள்ள ஊறி மெதுவா பூடும், நம்ம ஊரு வெயில்ல வெளிய காஞ்சி வெடிக்கும். மேல பாத்தா புதுசாட்டம் இருக்கும், அடியில கைய வுட்டு தடவிப் பாரு.

---

காட்பாடிக்காரன் – ஞாயிறு, மதியம் 12.45

தாத்தா கைய குடுங்க.

பிசிவி ஓஸை அமுக்கினதும் 1300ல இருந்து 850க்கு பொத்துனு விழுந்துச்சு. கழட்டிப் பாத்தா மேனிஃபோல்டு பக்கம் வளைவுல, அடியில, ஒரு இஞ்சுக்கு கிழிசல், வாய் பொளந்துட்டு இருக்கு. மேல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியல. மூணு கடைக்காரங்களும் பானட்டைத் தூக்கி மேல இருந்துதான் பாத்தாங்க, ஒருத்தர் கூட கைய விடல.

இப்ப சைக்கிள் டியூப் சுத்தி கிளிப் போட்டு வச்சிருக்கேன், நாளைக்கு வேலூர் போய் ஓஸ் வாங்கணும்.

---

ராணிப்பேட்டை_ஷிஃப்ட் – ஞாயிறு, மதியம் 1.00

சூப்பர் பாஸ். தண்ணி டேங்க் ஓஸ், கேஸ் ஸ்டவ் ஓஸ் எதுவும் வெட்டிப் போட்டுறாதீங்க, வேக்குவத்துல சப்பையாயிடும். ஆயில் தாங்கற ஓஸ்னு கேட்டு வாங்குங்க.

---

காட்பாடிக்காரன் – செவ்வாய், இரவு 9.15

ஓஸ் 180 ரூபா. ஒரிஜினல் வளைவோட வர்றது. மாட்டி ரெண்டு நாள் ஆச்சு, ஊருக்குள்ள 800ல கோவில் மணியாட்டம் நிக்குது. வீட்ல கூட கேட்டாங்க, வண்டி ஆஃப் ஆயிடுச்சான்னு.

பிசிவி வால்வையும் கழட்டி ஆட்டிப் பாத்தேன், கடகடன்னு சத்தம் வருது, அடைப்பு இல்ல. அப்புறம் பட்டறைத் தாத்தா சொல்ற மாதிரி எல்லாத்தையும் தடவிப் பாக்கறப்ப இன்னொண்ணு தெரிஞ்சது, த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூ மேல இருந்த மஞ்சள் பெயின்ட் உடைஞ்சிருக்கு. யாரோ ரேஸைக் குறைக்கறேன்னு வெளிய திருகி விட்டிருக்காங்க. அதனாலதான் போல ஆக்சிலேட்டர் முதல் மிதியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு அப்புறம் விடுது.

---

மல்டிமீட்டர்_மாமா – செவ்வாய், இரவு 9.40

அந்த ஸ்க்ரூ ரேஸ் வைக்கறதுக்கு இல்லவே இல்ல. பட்டர்ஃப்ளை பாடில போய் இடிச்சு மாட்டிக்காம தாங்கிப் பிடிக்கறதுக்குதான் அது. கார்புரேட்டர் காலத்துப் பழக்கம், ஸ்க்ரூவக் கண்டா திருகிடறாங்க. லிவரை லேசா தொடற வரைக்கும் உள்ள விட்டு, அதுக்கு மேல அரை சுத்து குடுங்க, அப்புறம் டிபிஎஸ் (த்ராட்டில் சென்சார்) நடு ஒயர்ல மீட்டர் வச்சு காலை எடுத்தப்ப அரை வோல்ட் பக்கம் வருதான்னு பாருங்க. உங்க மாடலுக்கு சர்வீஸ் மேனுவல்ல என்ன அளவுன்னு இருக்கோ அதுதான் கடைசி வார்த்தை.

---

காட்பாடிக்காரன் – வியாழன், இரவு 10.30

ஸ்க்ரூ சரி பண்ணிட்டேன், 0.52 வோல்ட். மிதி வெண்ணெயாட்டம் இருக்கு.

ஆனா கதை முடியல. இன்னிக்கு சாயங்காலம் ஆம்பூர் போயிட்டு வந்தேன் (பிரியாணிக்காக இல்ல, நம்புங்க). பள்ளிகொண்டா டோல்ல நியூட்ரல் போட்டா 1100 – 1150. முன்ன மாதிரி 1600 இல்ல, சரி. ஆனா 800 இல்லையே. கிரீன் சர்க்கிள் வந்து ஜாம்ல நின்னதும் மெல்ல மெல்ல இறங்கி 800. அதே தலைகீழ் விளையாட்டு. விரல் வைக்கலாம்னு பைபாஸ் ஓரமாவே நிறுத்திப் பாத்தேன், அடைச்சதும் பொத்துனு விழுந்து ஆஃப் ஆவப் பாத்துச்சு. அப்ப இப்ப ஐஏசி வழியாதான் போவுது, ஈசியூ வேணும்னே குடுக்குது. ஏன்?

---

பாலாத்து_மணல் – வியாழன், இரவு 10.44

ஏசி ஆன்ல இருந்துச்சா? ஏசி போட்டா ஐடிலை (கால் வைக்காதப்ப இருக்கற ரேஸை) ஏத்தும்ல.

---

காட்பாடிக்காரன் – வியாழன், இரவு 10.46

ஆஃப். இந்தக் குளிருக்கு ஏசி எதுக்கு, கண்ணாடி இறக்கினாலே பல்லு கிட்டிக்குது.

---

மல்டிமீட்டர்_மாமா – வியாழன், இரவு 11.20

தூக்கம் வரல, இதையே யோசிச்சுட்டு இருந்தேன். ஒரு கேள்வி. போன சித்திரை வெயில்ல, அக்னி நட்சத்திர சமயத்துல, ஆம்பூர்ல இருந்து வந்தப்ப இந்த மாதிரி ஏறி நின்னுச்சா?

---

காட்பாடிக்காரன் – வெள்ளி, காலை 6.30

நல்லா யோசிச்சுப் பாத்தேன் மாமா. இல்ல. கார்த்திகை தீபத்துக்கு அப்புறம்தான் இந்தத் தொந்தரவே ஆரம்பிச்சுது, ஓஸும் அப்ப கிழிஞ்சிருக்கும் போல, ரெண்டும் சேந்து வந்ததால ஒண்ணாவே நினைச்சுட்டேன். மே மாசத்துல டோல்ல எல்லாம் சாதாரணமாதான் நின்னுச்சு.

---

மல்டிமீட்டர்_மாமா – வெள்ளி, காலை 7.05

முதல் போஸ்ட்டை மறுபடி படிச்சேன். "டெம்பரேச்சர் முள்ளு கால்வாசிக்கு மேல ஏறினதே இல்ல, வண்டி தங்கம்"னு எழுதியிருக்கீங்க. அது தங்கம் இல்ல தம்பி, அதான் நோய்.

எஞ்சின் தண்ணி 80, 90 டிகிரில இருக்கணும், முள்ளு நடுவுக்குக் கொஞ்சம் கீழ நிக்கணும். பைபாஸ்ல 80 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப குளிர்ந்த காத்து ரேடியேட்டர்ல அடிக்குது, உங்க வண்டித் தண்ணி சூடே ஆவாம 60 பக்கமே சுத்துது. ஈசியூவுக்கு அது இன்னும் வார்ம்-அப்தான், எஞ்சின் குளிரா இருக்குன்னு ஐடிலை ஏத்தி, பெட்ரோலையும் கூட ஊத்துது. ஜாம்ல நின்னா காத்து நிக்குது, தண்ணி சூடாவுது, ஐடில் இறங்குது. வெயில் காலத்துல வெளிக்காத்தே 41, 42 டிகிரி, அதனால எப்படியோ சமாளிச்சிருக்கு. உங்க தலைகீழ் கணக்கு தலைகீழே இல்ல, எஞ்சின் நிஜமாவே ஹைவேல குளிருது, ஜாம்ல சூடாவுது.

தெர்மோஸ்டாட் (தண்ணி சூடாவற வரைக்கும் ரேடியேட்டருக்கு விடாம மூடி வைக்கற கதவு) திறந்தே மாட்டிக்கிட்டு இருக்கணும். இல்ல உள்ள தெர்மோஸ்டாட்டே இருக்காது.

உறுதி பண்ணணும்னா கூலன்ட் சென்சாரை அளங்க. ரெண்டு ஒயர் வர்றதுதான் ஈசியூவுக்குப் போறது, ஒரு ஒயர் சென்சார் டேஷ்போர்டு முள்ளுக்கு, அத விட்டுடுங்க. சாவி ஆஃப், பிளக்கைக் கழட்டி ஓம் மீட்டர் வைங்க. இந்த வகை சென்சார்ல சாதாரணமா 20 டிகிரில 2.2ல இருந்து 2.7 கிலோ ஓம், 40ல 1.1 பக்கம், 60ல 0.6, 80ல 0.3 பக்கம் வரும். சூடு ஏற ஏற ஓம் குறையும். பைபாஸ் ஓடி வந்த உடனே அளக்கணும், டீ குடிச்சுட்டு அளக்கக் கூடாது.

---

ராணிப்பேட்டை_ஷிஃப்ட் – வெள்ளி, காலை 8.10

சென்சாரே பொய் சொல்லலாம்ல மாமா? ஓபிடி ஸ்கேனர் மாட்டிப் பாத்தா நேரா டிகிரியே தெரியுமே.

---

மல்டிமீட்டர்_மாமா – வெள்ளி, காலை 8.22

2005 வண்டி தம்பி, இப்ப ஆன்லைன்ல விக்கற புளூடூத் கருவி பல நேரம் அதோட பேசாது. சென்சார் பொய் சொல்லுதான்னு பாக்க ரேடியேட்டர் மேல் ஓஸைத் தொட்டா போதும். தெர்மோஸ்டாட் ஒழுங்கா இருந்தா குளிர் ஸ்டார்ட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் மேல் ஓஸ் ஜில்லுனு இருக்கணும், திறந்ததும் திடீர்னு சுடணும். ஸ்டார்ட் பண்ண மறு நிமிசத்துல இருந்தே மெதுவா மெதுவா வெதுவெதுன்னு ஏறினா கதவு திறந்தே கிடக்குன்னு அர்த்தம்.

---

காட்பாடிக்காரன் – சனி, மாலை 6.15

இன்னிக்கு இதுக்குன்னே பைபாஸ்ல பள்ளிகொண்டா வரைக்கும் போய் டோலுக்கு முன்னாடி ஓரம் கட்டி அளந்தேன், பக்கத்துல இளநீர் விக்கற அண்ணன் வண்டி ரிப்பேரான்னு கேட்டு கூடவே நின்னு பாத்துட்டு இருந்தாரு.

ஓடி வந்த உடனே: 0.61 கிலோ ஓம்.
கிரீன் சர்க்கிள் ஜாமுக்கு அப்புறம்: 0.33.
காலைல பச்சை வண்டில: 2.4.

மேல் ஓஸும் காலைல ஸ்டார்ட் பண்ணதுல இருந்தே வெதுவெதுன்னு வந்துடுச்சு. மாமா, நீங்க பக்கத்துல இருந்தா காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்.

---

பட்டறை_தாத்தா – சனி, மாலை 7.30

தெர்மோஸ்டாட் உள்ள இருக்காது. பந்தயம். எவனோ கழட்டி கடாசியிருப்பான்.

உண்மைய சொல்றேன், நானே எத்தினி வண்டில கழட்டியிருக்கேன் தெரியுமா. அம்பாசடர் காலத்துல வேலூர் வெயிலுக்கு அது எதுக்குடா கழட்டிப் போடுன்னு முதலாளியே சொல்லுவாரு. கார்புரேட்டர் வண்டிக்கு மூளை கீளை கிடையாது, எஞ்சின் கொஞ்சம் குளுந்தா ஓடினா கொஞ்சம் பெட்ரோல் கூட குடிக்கும், யாரு கணக்கு பாத்தாங்க. எம்பிஎஃப்ஐ வந்தப்புறமும் அதே பழக்கம் வுடல. என் பையன்தான் ஒரு நாள் சண்ட போட்டு நிறுத்துனான்.

---

பாலாத்து_மணல் – சனி, இரவு 8.00

ஆனா தாத்தா, கழட்டினா வண்டி ஹீட் ஆவாதுல்ல? நம்ம ஊருக்கு அது நல்லதுதானே?

---

மல்டிமீட்டர்_மாமா – சனி, இரவு 8.35

ஹீட் ஆவற வண்டிக்கு வேற எதுவோ கெட்டிருக்கும். ஃபேன் ரிலே, ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி. தெர்மோஸ்டாட் மூடியே மாட்டிக்கிட்டா அதுவும் ஹீட் ஆவும், அப்ப புதுசு போடணும், தூக்கிப் போடக் கூடாது. சில எஞ்சின்ல இன்னொரு விவகாரமும் உண்டு, தெர்மோஸ்டாட் அடியில ரெண்டாவது தட்டு ஒண்ணு இருக்கும், சூடானதும் ரேடியேட்டருக்குப் போவாம தண்ணி சுத்தற பைபாஸ் வழிய அது மூடும். அத கழட்டிட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும், கொஞ்சம் தண்ணி ரேடியேட்டருக்கே போவாம எஞ்சினுக்குள்ளயே சுத்தும், ஜாம்ல முன்னைவிட ஜாஸ்தி சூடாவும். தண்ணி வேகமா ஓடினா ரேடியேட்டர்ல ஆற நேரம் இருக்காதுன்னு ஒரு கதை சொல்லுவாங்க, அத நம்பாதீங்க, காரணம் அது இல்ல.

எஞ்சின் எப்பவும் குளிரா ஓடினா ஆயில்ல ஈரம் தங்கும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். மைலேஜ் 11 ஆனதுக்கு பாதிக் காரணம் இதுதான்னு நினைக்கறேன்.

---

காட்பாடிக்காரன் – ஞாயிறு, மதியம் 2.20

தாத்தா பந்தயம் ஜெயிச்சாரு.

ஹவுசிங்கோட ரெண்டு போல்ட் கழட்டினேன், உள்ள வெறும் ஓட்டை. பேக்கிங்குக்கு பதிலா சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசி மூடியிருக்காங்க. பழைய ஓனருக்கு போன் போட்டேன், ஆமாங்க ஒரு மே மாசத்துல ஹீட் ஆச்சு, ஒரு இடத்துல விட்டேன், ஏதோ கழட்டிட்டேன் இனிமே சூடே ஆவாதுன்னு சொன்னாங்கன்னாரு. அப்ப ஃபேன் ரிலேவும் மாத்தினாங்களாம். அதாவது நோய் ரிலே, மருந்தும் குடுத்துட்டாங்க, கூடவே ஒரு கிட்னியையும் எடுத்துட்டாங்க.

உள்ள தண்ணி செங்கல் கலர்ல இருந்துச்சு. கூலன்ட் கிடையாது, வெறும் போர் தண்ணி. எங்க ஏரியா போர் தண்ணிய குடத்துல வச்சாலே வெள்ளையா படியும்.

புது தெர்மோஸ்டாட் 520 ரூபா, 82 டிகிரின்னு மேல பொறிச்சிருக்கு. மாட்டறதுக்கு முன்னாடி சோதிக்கணும்ல, அதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?

---

பட்டறை_தாத்தா – ஞாயிறு, மதியம் 2.50

வால்வு வாயில நூல் ஒண்ண சொருகி, அந்த நூல புட்ச்சி தண்ணிப் பாத்திரத்துல தொங்க வுடு. அடுப்ப பத்த வை. மூடியிருக்கற வரைக்கும் நூல கவ்வி தொங்கினே இருக்கும், திறக்கற சூட்டுல தானா பொத்துனு கீழ வுழும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தா அப்ப எத்தினி டிகிரின்னு பாரு.

மாட்றப்ப ஓரத்துல லொடலொடன்னு ஆடற சின்ன ஊசி ஒண்ணு இருக்கும் பாரு, அது மேல் பக்கம் வரணும், காத்து வெளிய போறதுக்கு. புது பேக்கிங் போடு, பேஸ்ட்ட அள்ளி அப்பாதே.

---

காட்பாடிக்காரன் – ஞாயிறு, மாலை 5.40

83ல விழுந்துச்சு. பால் காய்ச்சற பாத்திரத்துல பண்ணிட்டேன், வீட்ல அந்தப் பாத்திரத்தை இனிமே காருக்கே வச்சுக்கோன்னுட்டாங்க.

சிஸ்டத்தை மூணு தடவ தண்ணி விட்டு அலசி, தெளிஞ்சு வந்தப்புறம் டிஸ்டில்டு வாட்டர்ல பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து ஊத்தினேன். ரேடியேட்டர் மூடியத் திறந்து வச்சு, ஹீட்டரைத் திறந்து விட்டு, ஃபேன் ரெண்டு தடவ சுத்தற வரைக்கும் ஓட விட்டு குமிழி எல்லாம் போன அப்புறம் மூடினேன். பச்சை வண்டில இருந்தே திறந்து வச்சதுதான், சூட்டுல யாரும் திறந்துடாதீங்க.

---

காட்பாடிக்காரன் – அடுத்த வியாழன், இரவு 9.50

இன்னிக்கு ஆம்பூர் போயிட்டு வந்தாச்சு. முள்ளு முதல் தடவையா நடுவுக்குக் கிட்ட ஏறுச்சு, பழக்கம் இல்லாததால எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டு வண்டிய ஓரம் கட்டி ரெண்டு நிமிசம் முறைச்சுப் பாத்தேன், அங்கேயே நின்னுச்சு, அசையல. பள்ளிகொண்டா டோல்: 800. கிரீன் சர்க்கிள்: 800. காலைல ஸ்டார்ட் பண்ணா 1400ல ஆரம்பிச்சு நாலஞ்சு நிமிசத்துல இறங்கிடுது. ஃபர்ஸ்ட் கியர்ல தள்ளல். மைலேஜ் ஒரு டேங்க் முடிஞ்சதும் சொல்றேன்.

கணக்கு: ஓஸ் 180, தெர்மோஸ்டாட் 520, பேக்கிங் 40, கூலன்டும் தண்ணியும் 700 பக்கம். அதுக்கு முன்னாடி கடைங்கள்ல குடுத்தது 4,400, அதுல கழட்டின பழைய ஐஏசி வால்வு டிக்கில கெடக்கு.

---

மல்டிமீட்டர்_மாமா – அடுத்த வியாழன், இரவு 10.10

அத தூக்கிப் போடாதீங்க. அது நல்ல வால்வு.

---

குடியாத்தம்_ஆம்னி – அடுத்த வியாழன், இரவு 10.25

மாமா, தனி இழை போட்டேன், யாரும் வரல. ரப்பர் பைப்பு அடியில கைய விட்டுத் தடவினேன், விரல் உள்ள போயிடுச்சு.

---

பட்டறை_தாத்தா – அடுத்த வியாழன், இரவு 10.31

விரல எடுத்துட்டு பைப்ப மாத்து. கேஸ்ல ஓட்டாத அதுவரைக்கும். ஸ்பார்க் பிளக்கையும் பிளக் ஒயரையும் பாத்துட்டு வா, பேக்ஃபயர் சும்மா அடிக்காது. உன் இழைக்கு வரேன்.